கப்பலைக் கழற்றிப் பாலைவனம் கடந்த எகிப்தியர்: மூட்டு எப்படி?

நீரோடிக்காரன்:
ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம் நம்ம எல்லைப் பக்கம் யாருக்கும் புதுசு இல்லை. எகிப்தின் பழைய கப்பலும் அதே வேலைதானா? நைல் கரையில் கட்டி, பிரித்து, செங்கடலுக்குக் கொண்டுபோனார்கள் என்கிறார்கள். கடற்கரையிலேயே கட்டியிருக்கலாமே, ஏன் இந்தப் பாடு?

கழுந்து:
கொண்டுபோனது உண்மைதான் தம்பி. செங்கடல் கரையில் உள்ள பழைய துறைமுகமான மெர்சா கவாசிஸில் கிடைத்த அமைச்சர் அந்தெஃபோக்கரின் கல்வெட்டு, கப்பல் நைல் கரை ஊரான கோப்டோஸ் பட்டறையில் செய்யப்பட்டதைச் சொல்கிறது. காரணம் எளிது: செங்கடல் கரையில் மரமும் கிடையாது, நன்னீரும் கிடையாது. தேவதாரு லெபனானிலிருந்து நைல் வழியாக வரும். தச்சர் கூட்டத்தை மாதக்கணக்கில் கடலோரம் உட்காரவைத்தால் குடிநீர்கூட கழுதை முதுகில்தான் வரவேண்டும்.

மூட்டு வேறு மாதிரி. கெட்டுவள்ளத்தில் பலகை விளிம்பு நெடுகத் துளையிட்டுத் தைப்பார்கள். கயிறு வெளியேயும் தெரியும். 1954-இல் கண்டெடுத்த, பிரமிட் கட்டிய கூஃபு மன்னரின் படகில் (43 மீட்டர் நீளம், 1,224 துண்டு) கயிறு உடலின் குறுக்காக ஓடுகிறது. துளை பலகையின் உள்முகத்தில் இறங்கி உள்முகத்திலேயே ஏறிவிடும். வெளிமுகத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் அது ஆற்றுக்கு. கவாசிஸ் கடல் கப்பலில் தடித்த பலகைகளின் விளிம்பில் ஆழமாகக் குடைந்து, இரண்டு பலகையையும் இணைக்கும் மரத்துண்டான கழுந்தைச் செருகியிருக்கிறார்கள். கழுந்தைப் பூட்ட அதன் குறுக்கே மரமுளை அடிக்கவில்லை, இதுதான் சூட்சுமம். கி.மு. 14-ஆம் நூற்றாண்டு உளுபுருன் கப்பல்போல (துருக்கிக் கடலோரம் மூழ்கிக் கிடந்தது) முளை அடித்துவிட்டால், பிரிக்க முளையைத் துளைத்தெடுக்கவேண்டும்.

வங்குக்கால்:
கெடுவது எங்கே என்றும் சொல்லணும். முதல் எதிரி கடற்புழு. கவாசிஸ் பலகைகளில் புழு குடைந்த குழல்கள் அப்படியே இருக்கின்றன. திரும்பி வந்த கப்பலைப் பிரித்து, அரித்த பகுதியை வாய்ச்சியால் செதுக்கித் தள்ளிவிட்டு, தேறிய கட்டையைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். தேறாதது குகை வாசலில் நடைபாதைப் பலகை. அடுத்தது கசிவு. காய்ந்த பலகையை நீரில் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும், மரம் ஊறி உப்பினால்தான் இடுக்கு அடையும். 2008-இல் இதே முறையில் கட்டிய 20 மீட்டர் கப்பல் 'மின் ஆஃப் த டெசர்ட்' செங்கடலில் நன்றாகவே ஓடியது.

நீரோடிக்காரன்:
அப்போ துறைமுகம் என்று சொல்ல அங்கே என்னதான் இருந்தது?

கழுந்து:
ஊர் இல்லை, கிட்டங்கி. இன்னொரு செங்கடல் துறைமுகமான வாடி அல்-ஜர்ஃபில் (கூஃபு காலம், கி.மு. 2600 வாக்கில்) கடலுக்குள் 150 மீட்டருக்கு மேல் நீளும் கல் அலைதடுப்பு, நூற்றுக்கு மேல் கல் நங்கூரம், பாறையில் குடைந்த 30 வாக்கில் நீள அறைகள். பயணம் முடிந்ததும் சாமான்களை அறையில் அடுக்கி, பெரிய கல்லால் வாசலை அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கவாசிஸ் குகையில் கயிறு சுருள் சுருளாக இன்றும் கலையாமல் கிடக்கிறது. 2013-இல் ஜர்ஃபில் கிடைத்த, மெரெர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பைக் கடல் பயணக் குறிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். தவறு, அதில் இருப்பது துரா கல்குவாரியிலிருந்து பிரமிட் கட்டிய கீசாவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிய ஆற்றுக் கணக்கு.

வங்குக்கால்:
பிற செங்கடல் துறைமுகங்களான குசேர் அல்-கதீமில் கிடைத்த தமிழ்ப்பிராமி ஓடுகளையும் பெரெனிகேயில் கிடைத்த மிளகையும் இதோடு சேர்த்துப் பேசாதீங்க. அது ரோமர் காலம், கூஃபுவுக்கு 2,500 வருடத்துக்கு மேல் பிந்தியது.