முன்னாள் கணவரின் மசேநிதியில் (சிங்கப்பூர் மத்திய சேமநிதி) என் பங்கை வாங்குவது எப்படி? அவசரம்

தேக்காமல்லி: எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது. அவர் மசேநிதியில் எனக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். அடுத்த மாதம் அவருக்கு 55. எல்லாவற்றையும் எடுத்துவிடுவார் என்று மகள் பயப்படுகிறாள். எந்தப் பாரம், எங்கே கொடுப்பது? வேலைக்குக் கிளம்புகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி: அக்கா, இறுதித் தீர்ப்பு வந்துவிட்டதா, இடைக்காலத் தீர்ப்பு மட்டும்தானா? சொத்துப் பிரிவினை ஆணையில் மசேநிதி பற்றி என்ன எழுதியிருக்கிறது? நீங்கள் குடிமகளா, நிரந்தரவாசியா?

காலாங்ஓரம்: 10 வருஷம் குடும்பம் நடத்தியிருந்தால் பாதி தானாக வரும். என் சின்னம்மாவுக்கு வந்தது.

பழையபேனா: தம்பி, சின்னம்மா இருப்பது எந்த ஊரில்? நீங்கள் சொல்வது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். 10 வருட மணவாழ்க்கை, 62 வயது எல்லாம் அங்குள்ள கணக்கு. எத்தனை முறை எழுதினாலும் பழைய விவாத இழைகளைத் தேடிப் படிக்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. இங்கே சிங்கப்பூரில் மாதர் சாசனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி நீதிமன்றம்தான் பிரிக்கும். மசேநிதிக் கழகம் தானாக ஒரு காசும் பிரித்துத் தராது.

காலாங்ஓரம்: நியூஜெர்சிதான். சரி, அதை மரியாதையாகச் சொல்லலாமே.

மருதாணி: முஸ்லிமாக இருந்தால் ஷரியா நீதிமன்ற ஆணை. அக்கா அதையும் சொல்லவில்லை.

ஜூரோங்அப்பா: முதலில் அவருடைய நியமனத்தைப் பாருங்கள், அதாவது தான் இறந்தபின் மசேநிதிப் பணம் யாருக்கு என்று அவர் எழுதிவைத்ததை. விவாகரத்து ஆனதுமே உங்கள் பெயர் அதில் ரத்தாகியிருக்கும்.

ஈசூன்வாசி: இல்லை அண்ணே. திருமணம் செய்தால்தான் பழைய நியமனம் ரத்தாகும், விவாகரத்தால் ஆகாது.

ஜூரோங்அப்பா: எங்கள் புளோக்கில் ஒருவருக்கு ரத்தானதே! முன்னாள் மனைவிக்கு ஒன்றும் போகவில்லை.

ஈசூன்வாசி: அவர் மறுமணம் செய்துகொண்டாரா?

ஜூரோங்அப்பா: ஆமாம், இந்தோனேசியாவின் பத்தாம் தீவில்.

ஈசூன்வாசி: அதனால்தான் ரத்தானது.

பழையபேனா: அந்த அம்மா கேட்டது செத்த பிறகு வருவதை அல்ல.

தேக்காமல்லி: இப்போதுதான் பார்த்தேன். நிரந்தரவாசி, இந்து. இறுதித் தீர்ப்பு 2019. அவருடைய மசேநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து எனக்கு 40,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஆணையில் இருக்கிறது. கழகத்துக்கு யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை. அப்போதைய வக்கீல் அலுவலகத்தை மூடிவிட்டார். பணம் கைக்கு வருமா?

ஈசூன்வாசி: அப்படியானால் பங்கு தீர்ப்பாகிவிட்டது அக்கா, அதை நடப்புக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. ஆணையைக் கழகத்திடம் சேர்ப்பித்தால்தான் பணம் மாறும். வெறும் ஜெராக்ஸ் போதாது. மேலே எஃப்சி, ஓஆர்சி என்று எண் போட்டு நீதிமன்ற முத்திரை உள்ள பிரதியையும் இறுதித் தீர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. 2026இல் 55 ஆகிறவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை, அதாவது ஓய்வுக்காலத்துக்கு ஒதுக்கிவைக்க வேண்டியது, 220,400 வெள்ளி. அதற்கு மேல் இருப்பதை எடுக்கலாம், அவ்வளவு இல்லாவிட்டாலும் 5,000 வெள்ளி வரை எடுக்கலாம். நான் பயப்படுவது வேறு. 55 ஆனதும் ஓய்வுக்காலக் கணக்கு திறக்கும். சிறப்புக் கணக்குப் பணம் முதலில் அங்கே போகும், போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் போகும். உங்கள் ஆணை சொல்வது சாதாரணக் கணக்கை. அதனால் அவர் பிறந்தநாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

நிரந்தரவாசி என்பதால் பணம் உங்கள் மசேநிதிக் கணக்குக்குப் போகும், கைக்கு அல்ல. உங்களுக்கு 55 ஆகும்வரை அங்கேயே இருக்கும்.

மருதாணி: வக்கீல் செலவு கட்டாதென்றால் சட்ட உதவிப் பிரிவில் கேளுங்கள் அக்கா. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வருமானம் பார்த்து உதவுவார்கள்.

காலாங்ஓரம்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு யார் பெயரில்? அதிலும் அவர் மசேநிதி போயிருக்குமே.

பழையபேனா: அதற்குத் தனி இழை திறக்கவும்.

தேக்காமல்லி: பீஷானில் உள்ள மசேநிதி அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. பெற்றுக்கொண்டார்கள், கடிதம் வரும் என்றார்கள். வீடு விற்றாகிவிட்டது. நன்றி ஈசூன் தம்பி.