காட்சித் திருத்தியில் இணையதளம் கட்டக் கற்றவர்களே, மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

நூலக வாசகி எழுதியது:

எங்கள் வாசகர் வட்டத்தின் தளம் ஃபிரண்ட்பேஜ் 2003 என்ற காட்சித் திருத்தியில், அதாவது நிரல் எழுதாமல் திரையில் பார்த்தபடியே பக்கம் கட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளில், உருவானது. உங்களில் பலர் அதில்தான் தொடங்கியிருப்பீர்கள் என்பதால் நேரே நிகழ்வுக்கு வருகிறேன். வடிவமைப்பு, பிரிப்பு, நிரல், முன்னோட்டம் என்ற நான்கு பார்வைகளில் முதலாவதை விட்டு நான் வெளியே வந்ததே இல்லை. வர வேண்டிய தேவையும் எழவில்லை.

எங்கள் நூலகர் ஓய்வு பெற்றதும் எல்லாப் பக்கங்களின் அடியிலும் இருந்த அவருடைய பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பல கோப்புகளில் ஒரே நேரத்தில் தேடி மாற்றும் சிறு மென்பொருள் ஒன்றை நண்பர் கொடுத்தார். பெயரைத் தட்டச்சு செய்தேன். எந்தக் கோப்பிலும் அச்சொல் இல்லை என்று பதில் வந்தது. பக்கத்து சாளரத்தில் அந்தப் பெயர் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது. கோப்பை நோட்பேடில் திறந்தேன். தமிழே இல்லை. தமிழ் என்று எண்களே வரிவரியாக ஓடின. தலைப்பில் இருந்த "தமிழ் வாசகர் வட்டம்" என்பதை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் பொருத்தினேன்: முதல் எண் த, அடுத்தது ம, பிறகு இகரக் கொக்கி, ழ, புள்ளி. தாளில் அந்த ஐந்தையும் எழுதி முடித்த நொடி இன்னும் என்னை விடவில்லை.

பக்கத்தின் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானதாக இருந்ததுதான் காரணம் என்று பிறகு அறிந்தேன். அதில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே திருத்தி ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக எழுதி வைக்கிறது, உலாவி அந்த எண்ணைப் படித்து எழுத்தைக் காட்டிவிடுகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகளில் அடங்கும் குறி இப்படி எழுதும்போது ஏழு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பக்கப் பண்புகளில் மொழி என்ற பகுதிக்குச் சென்று யுடிஎஃப்-8 ஆகச் சேமித்ததும் தமிழ் தமிழாகவே கோப்பில் அமர்ந்தது. முதலில் பக்கத்தை அமைக்கும் குறிச்சொற்களின் மொழியான எச்டிஎம்எல் கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே காட்சித் திருத்தியைத் தொட வேண்டும் என்பது அன்று முதல் என் உறுதியான கருத்து.

அச்சகத்தார் எழுதியது:

வாசகி அவர்கள் சொல்வது எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோடு) வந்த பிறகான சிக்கல். எண்ணாக இருந்தாலும் அங்கே எழுத்து உயிரோடு இருந்தது, ஒருங்குறித் தமிழ் எழுத்துரு இருந்த எந்தக் கணினியிலும் அது தமிழாகவே தெரிந்தது. அதை இவ்வளவு பெரிய அதிர்ச்சியாகக் கருத என்னால் இயலவில்லை.

நான் 2001 இல் டிரீம்வீவர் என்ற காட்சித் திருத்தியில் ஒரு திருமண மண்டபத்துக்குத் தளம் அமைத்தேன். எழுத்து டிஸ்கி, அதாவது ஒருங்குறி பரவும் முன் வழங்கிய தமிழ்க் குறியாக்கம். என் திரையில் அச்சுக்குப் போகும் அழைப்பிதழ் போல எல்லாம் அழகாக இருந்தது. மண்டப உரிமையாளரின் தம்பி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தாம் காண்பதை வாய்விட்டுப் படித்தார்: "முக்கால் என்ற பின்னம், மேலே சாய்கோடு போட்ட ஏ, ஒரு சென்ட் குறி, சாய்கோடு போட்ட யூ. இதற்கு என்ன பொருள் அண்ணா?" அவர் படித்தது "தமிழ்" என்ற சொல். எழுத்துரு என் கணினியில் நிறுவப்பட்டிருந்ததால் திருத்தி எனக்குத் தமிழைக் காட்டியது. அவருடைய கணினியில் எழுத்துரு இல்லாததால் அதே பைட்டுகள் ஐரோப்பியக் குறிகளாகத் தெரிந்தன. பின்னர் மைக்ரோசாஃப்டின் வெஃப்ட் என்ற கருவியால் அந்த எழுத்துருவைப் பக்கத்தோடு தானே இறங்கும் இயங்கு எழுத்துருவாக்கி இணைத்தேன். அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தது. அந்த மனிதர் பொறுமையாக ஒவ்வொரு குறியையும் படித்துச் சொன்ன குரலை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இதில் எச்டிஎம்எல் அறிவு எனக்கு எவ்வகையிலும் உதவியிருக்காது என்பதையும் வாசகி அவர்கள் கருத வேண்டும்.

கணினி ஆசிரியை எழுதியது:

நான் கட்டிய தளம் அன்று, எனக்குப் பராமரிக்கக் கிடைத்த தளம். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் தளத்தை ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஃபிரண்ட்பேஜ் 2000 கொண்டு தாமே கற்றுக் கட்டியிருந்தார். இடப்புறப் பட்டியல் முழுவதும் சுட்டியை வைத்தால் நிறம் மாறும் பொத்தான்கள். அந்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு ஜாவா ஆப்லெட், அதாவது செருகுநிரலின் துணையோடு உலாவிக்குள் இயங்கும் சிறு நிரல், என்பதை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரிந்துவிடும். 2015 செப்டம்பரில் வந்த குரோம் 45 அத்தகைய செருகுநிரல்களை இயக்கிய பழைய செருகு இடைமுகத்தை முற்றிலும் நீக்கியது. அத்துடன் ஆப்லெட்டுகளும் அதில் இயங்காமல் போயின.

ஐயா பள்ளிக்கு வந்து என் அருகில் அமர்ந்திருந்தார். திரையின் இடப்புறம் வெறுமையாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சுட்டியை வாங்கி, "ஆசிரியர்கள்" என்ற பொத்தான் இருந்த அதே இடத்துக்குச் சரியாக நகர்த்தி அழுத்தினார். மீண்டும் ஒருமுறை அழுத்தினார். பக்கங்கள் எல்லாம் வழங்கியில் (சர்வரில்) பத்திரமாக இருந்தன. அவற்றுக்குப் போகும் வழி மட்டுமே அறுந்திருந்தது. அன்று மாலையே ஆப்லெட்டுகளை நீக்கி, சாதாரண இணைப்புகளைக் கொண்ட பட்டியலை எழுதிச் சேர்த்தேன். நிறம் மாறுவதற்கு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்-இல் ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வழங்கிப் பணியாளர் எழுதியது:

என் அனுபவம் சிறியது. வாடிக்கையாளர் ஒருவர், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில், பக்கங்களைக் காட்சியாகக் கட்டத் தாம் பயன்படுத்திய பக்கக் கட்டமைப்புச் செருகுநிரலின் உரிமம் முடிந்ததும் அதை நிறுத்தினார். மறுநாள் அவருடைய முகப்பில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் அகலமும் நிறமும் எழுதிய குறுங்குறிகள் (அச்செருகுநிரலுக்கான கட்டளைகள்) நிரம்பி வழிந்தன. நடுவே எங்கோ அவருடைய கடை முகவரி தெரிந்தது.

ஆகவே எல்லோருக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். எந்தக் காட்சிக் கருவியை வாங்கும் முன்னும் சோதனைத் தளம் ஒன்றில் ஒரு பக்கத்தைக் கட்டி, கருவியை நிறுத்திப் பாருங்கள். எஞ்சுவது எதுவோ அதுவே உங்களுடையது. 2018 டிசம்பரில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.0 இன் தொகுதித் திருத்தி தன் குறிப்புகளை, உலாவி திரையில் காட்டாத எச்டிஎம்எல் கருத்துரைகளாக உள்ளடக்கத்திலேயே வைக்கிறது, எனவே அதை விட்டு விலகினாலும் உரை படிக்கக்கூடியதாக இருக்கும். காப்பு நகல் என்றால் கோப்புகளும் தரவுத்தளமும் சேர்ந்ததுதான்; பலர் கோப்புகளை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள், ஆனால் கட்டுரைகள் தரவுத்தளத்தில்தான் உள்ளன. தள முகவரியை மாற்றும்போது தரவுத்தளக் கோப்பில் நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள், ஏனெனில் சில அமைப்புகள் எழுத்து நீளத்தோடு சேர்த்துப் பதியப்பட்டிருக்கும், நீளம் பொருந்தாவிட்டால் அந்த அமைப்பு முழுவதும் படிக்கப்படாமல் போகும். லினக்ஸ் வழங்கி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும்; விண்டோஸ் கணினியில் தெரிந்த படம் மேலேற்றியதும் மறைந்தால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். களப்பெயர் (டொமைன்) உங்கள் சங்கத்தின் பெயரிலும், சங்கத்தின் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்க வேண்டும். தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருந்தால் இன்றே மாற்றக் கேளுங்கள். ஆசிரியை அவர்களும் தம் பட்டியலை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதியிருந்தால் அதைப் பொதுக் கோப்பு ஒன்றாக்கிக்கொள்வது நல்லது.

பனையோலைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

முதலில் எச்டிஎம்எல் கற்க வேண்டும் என்ற வாசகி அவர்களின் கருத்தை நான் மறுக்கிறேன். எங்கள் குழுவில் பனையோலைப் பெட்டி முடையும் அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தளத்தில் விலைகளை மாற்றுபவர் அவர்தான், அதுவும் கைப்பேசியின் உலாவியிலிருந்து. முதல் நாள் அவர் விலையைத் திருத்திவிட்டு, "புதுப்பி" என்ற பொத்தானுக்கு மேலே விரலை வைத்தபடி அழுத்தாமலே இருந்தார். "தப்பாப் போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே தங்கச்சி" என்றார். நான் திருத்த வரலாற்றைத் திறந்து, பழைய வடிவங்கள் வரிசையாக இருப்பதையும், எதையும் மீட்டெடுக்கலாம் என்பதையும் காட்டினேன். அவர் அழுத்தினார். எதிரில் நின்ற வாங்குபவரின் கைப்பேசியில் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லி, புதிய விலையைத் தாமே படித்துச் சரிபார்த்தார்.

குறிச்சொற்களைக் கற்ற பிறகே தொடலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தால் எங்கள் விலைப்பட்டியல் இன்றும் வேறொருவரின் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்கும். முதலில் கற்பிக்க வேண்டியது மீட்கும் வழி என்பதே என் கருத்து. வழங்கிப் பணியாளர் சொன்ன காப்பு நகல் செய்தியை நான் முழுமையாக ஏற்கிறேன்.

நூலக வாசகி எழுதியது:

ஒருங்கிணைப்பாளர் அவர்களின் பதிவைப் படித்த பிறகு, எச்டிஎம்எல் அறிவு தளத்தைப் பராமரிக்கும் ஒருவருக்காவது வேண்டும் என்ற அளவில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். அச்சகத்தார் ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்த மண்டபத் தளத்தின் கோப்புகள் இன்னும் உள்ளனவா? எங்களிடமும் டிஸ்கியில் எழுதிய பழைய இதழ்கள் குறுந்தகட்டில் இருக்கின்றன.

அச்சகத்தார் எழுதியது:

உள்ளன, அம்மா. டிஸ்கி கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று திறந்து சேமித்துவிடாதீர்கள், பைட்டுகள் சிதைந்து மீட்க முடியாமல் போகும். மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் திறந்து, உரையைப் படியெடுத்து, பழைய குறியாக்கங்களை ஒருங்குறியாக்கும் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டுங்கள். டிஸ்கியில் ஆங்கில எழுத்துகளின் இடம் அப்படியே விடப்பட்டிருப்பதால் எச்டிஎம்எல் குறிச்சொற்கள் பாதிக்கப்படுவதில்லை. இதழ்களில் சில பாமினி எழுத்துருவில் இருந்தால் மட்டும் கவனம் தேவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால் முழுக் கோப்பையும் மாற்றினால் குறிச்சொற்களும் தமிழாகிவிடும். அவற்றை உலாவியில் திறந்து, தெரியும் உரையை மட்டும் படியெடுத்து மாற்றுங்கள்.