மைலேஜ் பாயின்ட் திட்டத்தை மாற்ற யோசனை கேட்கிறார்கள்: மலைக்காரர்கள் என்ன எழுதலாம்?

கோத்தகிரி_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் உறுப்பினராக இருக்கும் விமான நிறுவனத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. பயணம் செய்யச் செய்யச் சேர்ந்து, பிறகு டிக்கெட் எடுக்க உதவும் பாயின்ட் திட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், யோசனை இருந்தால் எழுதச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆனால் படிவத்தை ஒழுங்காக நிரப்பி அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நானும் கணவரும் போய் வருவோம். கடைசியாகப் போனது நவம்பர் மாதம். சாயங்கால விமானத்துக்குக் காலை பதினொரு மணிக்கே கோத்தகிரியிலிருந்து கிளம்பிவிட்டோம். குஞ்சப்பனைக்கு முன்னாலேயே மண் சரிந்து, ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வேரோடு வந்த மரம், வேரில் ஒட்டிய செம்மண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. ரம்பம் வைத்து அறுக்க ஆள் வந்தார்கள், ஆனால் மேலிருந்து மறுபடி கல் உருள ஆரம்பித்ததும் விலகி நின்றுவிட்டார்கள். டிரைவர் தம்பி வண்டியைத் திருப்பிக் குன்னூர் வழியாகக் கொண்டுபோனார். பர்லியாறில் அங்கேயும் லாரி வரிசை. கோவை பீளமேடு விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

எங்களை 'நோ-ஷோ', அதாவது டிக்கெட் எடுத்தும் வராதவர்கள், என்று போட்டார்கள். முதல் விமானத்தில் ஏறாததால் அதற்கடுத்த விமானமும், திரும்பி வரும் டிக்கெட்டும் தானாகவே ரத்து. என் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல் பாயின்ட் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறை. பாயின்ட்டில் புது டிக்கெட் எடுக்கலாம், தேதி மாற்றும் கட்டணம் கட்ட முடியாது என்றார்கள். புது டிக்கெட்டுக்கோ அவ்வளவு பாயின்ட் போதாது. மூன்று வருடக் கெடு முடிந்து, அடுத்த மார்ச்சில் அதில் பாதி காலாவதியும் ஆகிவிட்டது.

மகள் ஊரில் லுஃப்தான்சா விமான டிக்கெட்டோடு பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலையும் சேர்த்தே எடுக்கலாம். அப்படி எடுத்த ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தருவது அவர்கள் பொறுப்பு. நான் கேட்க நினைப்பதும் அதுதான். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டுத் தவறவிட்டவர்களுக்கு, உறுப்பினர் என்ற முறையிலாவது ஒரு தடவை தேதி மாற்றித் தர வேண்டும். இதை எப்படி எழுதினால் எடுபடும்? வேறு என்ன சேர்க்கலாம்?

குன்னூர்_இலை:

டீச்சர், படிக்கவே கஷ்டமாக இருந்தது. நான் தேயிலை வியாபாரம், மாதம் ஒரு முறையாவது கொல்கத்தாவோ கொச்சியோ போகிறவன்.

'மலைப்பாதை அடைபட்டால்' என்று பொதுவாக எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். ட்ராஃபிக்கில் மாட்டியவர்கள் எல்லாம் அதையே சொல்வார்கள் என்று அவர்களுக்குப் பயம் இருக்கும். 'மாவட்ட நிர்வாகம் சாலையை மூடியதாக அறிவித்த நாளில்' என்று எழுதுங்கள். அந்த அறிவிப்பு எழுத்தில் இருக்கிறது, தேதி இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. கட்டணத்தைப் பாயின்ட்டில் கழித்துக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களுக்கும் அதில் பெரிய நஷ்டம் இல்லை.

அப்புறம் காலாவதி விஷயம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்குத்தான் கணக்கு, மைல் என்ற பெயரே அதனால் வந்தது. இப்போது பல இடங்களில் கொடுத்த பணத்துக்குத்தான் பாயின்ட். இண்டிகோ 2024-ல் கொண்டுவந்த புளூசிப்பும் செலவழித்த ரூபாயை வைத்துத்தான். கம்பெனிச் செலவில் கடைசி நேரத்தில் டிக்கெட் போடும் என்னைப் போன்றவனுக்கு அது லாபம். ஆறு மாதம் முன்னாலேயே மலிவாக எடுத்து வைக்கும் உங்களுக்கு எப்போதும் குறைவாகத்தான் சேரும். சேரவே நாலைந்து வருடம் ஆகிறவர்களுக்கு மூன்று வருடக் கெடு நியாயமே இல்லை. டெல்டா மாதிரி காலாவதியே வைக்காத நிறுவனங்களும் இருக்கின்றன என்று கட்டாயம் எழுதுங்கள்.

கொடை_பேரிக்காய்:

டீச்சரம்மா, படிவத்தில் இனிஷியல் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து.

கொடைக்கானலிலிருந்து எங்களுக்கு மதுரைதான் பக்கம். அம்மா மூன்று தடவை துபாய்க்கு அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தார்கள். ஒரு பாயின்ட்கூட ஏறவில்லை. காரணம் இதுதான்: உறுப்பினர் கணக்கில் அம்மா பெயரும் ஓர் எழுத்து இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து, தாத்தா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டிருக்கிறது. டிக்கெட் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் போட்டது. இரண்டும் வேறு ஆள் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்துவிட்டது. அம்மா போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். நான் எடுத்து அனுப்பியபோது, விட்டுப்போன பாயின்ட்டைக் கேட்பதற்கான ஆறு மாதக் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. தமிழ்நாட்டில் இத்தனை விமான நிலையம் இருந்தும், இனிஷியலுக்கு என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. பாஸ்போர்ட் எண்ணை வைத்துச் சரிபார்த்தால் முடிகிற வேலை.

இன்னொன்று. உங்கள் பாயின்ட்டும் சார் பாயின்ட்டும் தனித்தனியாகவா கிடக்கின்றன? எமிரேட்ஸில் எட்டுப் பேர் வரை ஒரே குடும்பக் கணக்கில் சேர்க்கலாம். அதையும் கேளுங்கள்.

கோத்தகிரி_டீச்சர்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இனிஷியல் விஷயத்தைப் படித்ததும் கணவரின் கணக்கைத் திறந்து பார்த்தேன். அதே கதை, நான்கு வருடம் முன்னால் போன பயணம் அதில் ஏறவே இல்லை. இவ்வளவு நாள் நாங்கள் கவனிக்கவில்லை.

கலெக்டர் அறிவிப்பு என்ற வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முதல் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பி வரும் டிக்கெட்டையாவது ரத்து செய்யாமல் விட வேண்டும் என்பதையும் எழுதிவிட்டேன். இரண்டு பேர் பாயின்ட்டையும் ஒன்றாகச் சேர்க்க விட்டிருந்தால் அன்றைக்கு ஒரு டிக்கெட்டாவது அதில் எடுத்திருப்போம்.

படிவத்தை நாளைக் காலை அனுப்புகிறேன். கூடலூர்க்காரர்கள் யாரும் இன்னும் பேசவில்லையே. நாடுகாணி வழியாகக் கோழிக்கோடு விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு மழையில் என்ன நடக்கிறது என்று இன்றிரவுக்குள் எழுதினால் சேர்த்துக்கொள்கிறேன்.