பூட்டிய பீரோவிலிருந்து கைக்கெட்டும் கயிற்றுக்கு: தொடக்கப் பள்ளியில் வாசிப்பு

தொடக்கப் பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்:

நான் இந்த ஈராசிரியர் பள்ளிக்கு மாறுதலாகி வந்தபோது, நூலகப் புத்தகங்கள் அனைத்தும் இரும்பு பீரோவுக்குள் அட்டை மடங்காமல், புதுவாசனை மாறாமல் இருந்தன. ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தால் பல பள்ளிகளில் நடப்பதுதான் இது; அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், குழந்தையின் கை படாத புத்தகத்தைக் காப்பாற்றி யாருக்கு என்ன பயன்? தலைமையாசிரியரிடம் பேசி இசைவு பெற்று, இரண்டு சன்னல்களுக்கு இடையே நைலான் கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்புகளைக் கொண்டு, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில், முன்னட்டை தெரியும்படி புத்தகங்களைத் தொங்கவிட்டோம். முதுகு மட்டும் தெரிய அடுக்கி வைத்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்?

தமிழ்நாடு அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில், அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருந்த ஒரு சிறுவன் நாள்தோறும் யானைப் படம் போட்ட அதே புத்தகத்தையே எடுப்பான். படங்களைப் பார்த்துத் தானாக ஒரு கதை சொல்வான். அச்சில் இருக்கும் கதைக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. நான் திருத்தவில்லை. ஒருநாள் அவனாகவே, “டீச்சர், இதுல யானைன்னு எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டான். அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்துக் காட்டினேன். அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும் அவனே அதைத் தேடிப் பிடித்து, பிடிக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்ட சொல்தான் அது; ஆனால், அங்கே அதைத் தேட வேண்டிய தேவை அவனுக்கு ஏற்பட்டதில்லை.

ஆசிரியர், திருப்பூர்:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் என் வகுப்பைப் பற்றியும் சொல்லத் தோன்றியது. நான் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2023இல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிநிலைகளில் சிறு நூல்களை வெளியிட்டபோது, அவற்றைப் படித்து முடித்த பிள்ளைகளிடம் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை கதையைப் படிப்பதில்லை, விடையைத் தேடுகிறது. கேட்பதை நிறுத்திய பிறகு அவர்களே என்னிடம் வந்து கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சிலேயே, யாருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது தேர்வுத்தாளைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பிரதம் புக்ஸ் என்ற இலாப நோக்கற்ற பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைப்பதால், அதன் தமிழ், ஒடியா வடிவங்களை அச்செடுத்துச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமி, வீட்டில் அப்பா ஒடியாவில் படித்துக் காட்டியதை வைத்துக்கொண்டு, மறுநாள் தமிழ்ப் பக்கத்தை முந்திக்கொண்டு படிக்க எழுந்து நின்றாள். கதை ஏற்கெனவே தெரியும் என்ற துணிவு அது. தாய்மொழியில் படிப்பது தமிழ் கற்பதற்குத் தடையாகும் என்று இன்னமும் நம்புவோர் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம் மாவட்டம்:

சார், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு அப்படி வீட்டில் படித்துக் காட்ட ஆளில்லை. அதனால் மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பத்து நிமிடங்களில் நானே உரக்கப் படிக்கிறேன், விறுவிறுப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் மாட்டிவிடுகிறேன். மாலை மணி அடிப்பதற்குள் அது யாராவது ஒருவர் கையில் இருக்கும். வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் தம் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் ஒரு நோட்டில் தாங்களே எழுதுகிறார்கள். எழுதப் பழகாத சிறியவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். கிழிந்த தாள்களை மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக்கொள்கிறோம். நீங்கள் அச்செடுத்துத் தைத்த பிரதிகள் பிள்ளைகள் கையில் எவ்வளவு காலம் தாங்குகின்றன, எந்தத் தாளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதினால், இந்த ஆண்டே இங்கும் தொடங்கிவிடுவேன்.