மூன்று ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை: கியோமி நிவாத்தாவை எந்தக் கணக்கில் வைப்பது?

கணக்கப்பிள்ளை:
வேறொரு திரியில் கியோமி நிவாத்தாவை 'ஜப்பான் ட்ரையத்லானின் பெரும் சாதனையாளர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே பந்தயத்தில். அங்கே சண்டை வேண்டாம் என்று இங்கே வந்துவிட்டேன். சிட்னி 2000ல் 14ஆம் இடம். ஏதென்ஸ் 2004ல் மறுபடியும் 14. பெய்ஜிங் 2008ல் 9. மூன்று ஒலிம்பிக் போயிருக்கிறார், ஒரு முறையும் மேடை ஏறவில்லை. நீண்ட நாள் தாக்குப்பிடித்தார் என்பதைத் தவிர இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

ஜப்பானின் ஆண் வீரர் ஹிரோகாட்சு தயாமாவுக்கும் இதே மாலைதான். ஏதென்ஸில் 13, பெய்ஜிங்கில் 48, லண்டனில் 20, அதற்கப்புறமும் விடாமல் 34 வயதில் ரியோ. பதக்கம் வரும் வரும் என்று இலவு காத்த கிளியாக ஒரு நாடு உட்கார்ந்திருந்தது. நாம் அதற்கு 'விடாமுயற்சி' என்று பெயர் வைத்துவிட்டோம்.

நீச்சல்காரி:
14, 14, 9 என்று எழுதினீர்களே, பக்கத்தில் வயதையும் எழுதுங்கள் சார். நிவாத்தா 1970ல் பிறந்தவர். சிட்னியில் 29, ஏதென்ஸில் 33, பெய்ஜிங்கில் 37. ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இதில் 29 வயதில் வந்த இடத்தை விட 37 வயதில் ஐந்து இடம் முன்னே வருகிறார். வெறுமனே தாக்குப்பிடித்தவர் 14லிருந்து 20க்கும் 30க்கும் இறங்கியிருப்பார்.

கணக்கப்பிள்ளை:
அக்கா, 9 என்பது 9தான். வயது போட்டு வகுத்தால் பதக்கம் வந்துவிடுமா? என் கேள்வி இடத்தைப் பற்றியது. அன்றைக்கு ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பெண்கள். 37 வயதுக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், 22 வயதுக்காரி ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். அடுத்த ஒலிம்பிக்குக்கு அந்த அனுபவம் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

ரெண்டு_சக்கரம்:
கணக்கப்பிள்ளை, இந்த வாதத்துக்குப் பெய்ஜிங்கை எடுத்தது உங்கள் துரதிர்ஷ்டம். அன்றைக்கு ஜப்பானின் மற்ற இருவர் யார்? ஜூரி இடே, அய் உவேடா. இருவருமே 1983ல் பிறந்தவர்கள், நிவாத்தாவை விட 13 வயது இளையவர்கள். இடே 5ஆம் இடம், நிவாத்தா 9, உவேடா 17. அதாவது இரண்டு நாற்காலி இளையவர்களுக்கு, ஒன்று பெரியவருக்கு. இதை விட நியாயமான பந்தி எங்கே பார்த்தீர்கள்? உங்கள் 22 வயதுக்காரி உள்ளே வர வேண்டுமானால், முதல் பத்துக்குள் வந்தவரையா எழுப்பிவிடுவது?

இன்னொன்று. இடே வந்த அந்த 5தான் ஒலிம்பிக் தனிநபர் போட்டியில் ஜப்பானின் மிகச் சிறந்த இடம். சொந்த ஊரான டோக்கியோவிலும் தாண்டவில்லை, பாரிஸிலும் தாண்டவில்லை. ஜப்பானுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த நாளில் 37 வயதுக்காரரும் அணியில் இருந்தார்.

சும்மா_வந்தேன்:
பந்தி உதாரணம் சூப்பர். நான் பாயசத்துக்குக் காத்திருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை:
சரி, பெய்ஜிங்கில் யாரையும் தடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறம் பாருங்கள். உவேடாவும் மூன்று ஒலிம்பிக் போனார். பெய்ஜிங்கில் 17, லண்டனில் 39, ரியோவிலும் 39. அனுபவம் கூடக்கூட மேலே போவார்கள் என்பது உங்கள் தத்துவமானால் இவர் ஏன் கீழே போனார்? நிவாத்தா ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்துச் சட்டம் எழுதாதீர்கள்.

யமாஷிதா_ஓரம்:
இதற்கு மட்டும் நான் பதில் சொல்லியாக வேண்டும். வேலை நிமித்தம் யோகோஹாமாவில் இருக்கிறேன். வருஷம் முழுக்கப் பல ஊர்களில் நடக்கும் ட்ரையத்லான் உலகத் தொடரின் பந்தயம் மே மாதம் இங்கே நடக்கும்போது யமாஷிதா பூங்கா ஓரம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். பக்கத்தில் ஹிகாவா மாரு என்ற பழைய கப்பல் கட்டி நிற்கும். நீச்சலும் அந்தத் துறைமுகத் தண்ணீரில்தான்.

உவேடாவை அங்கே பார்த்திருக்கிறேன். உயரம் ஐந்தடி ஒன்றுதான். தண்ணீரிலிருந்து வரும்போது பின்னால்தான் வருவார், நீச்சல் அவருக்கு என்றைக்குமே பலவீனம். முதல் கூட்டம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டிருக்கும். ஆனால் ஓட்டம் ஆரம்பித்ததும் கதை மாறும். ஒவ்வொரு சுற்றும் என் எதிரே வரும்போது அவருக்கு முன்னால் இருந்த தலைகள் குறைந்திருக்கும். தன்னை விட ஒரு சாண் உயரமான பெண்களின் தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தலை, குறுகிய வேகமான காலடிகள், டக் டக் டக் என்று. பக்கத்தில் குடை பிடித்திருந்த பாட்டி ஒருவர் "அய்-சான்!" என்று கத்தியதில் என் காது அடைத்துவிட்டது.

ரியோவில் 39 வந்தாரே, அதே 2016ல் உலகத் தொடரின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் 3ஆம் இடம் அவருக்கு. அதற்கு முன் 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் தங்கம். ஒரு ஆகஸ்ட் காலையை வைத்து அவர் கீழே போனார் என்கிறீர்கள், ஒரு வருஷத்தை வைத்துப் பார்த்தால் அவர் உச்சத்தில் இருந்தார்.

கணக்கப்பிள்ளை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! உச்சத்தில் இருந்த வருஷத்திலேயே ஒலிம்பிக்கில் 39 என்றால், அனுபவம் வேண்டிய நாளில் கை கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

நீச்சல்காரி:
இல்லை சார், அங்கேதான் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் சின்னத் தூரப் போட்டிகளில் கலந்துகொள்ளும் அமெச்சூர் மட்டுமே. இருந்தாலும் ஒன்று தெரியும். ஒலிம்பிக் வகைப் பந்தயத்தில் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம், டிராஃப்டிங் அனுமதி உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பார், பின்னால் வருகிறவருக்குப் பாதிச் சுமை குறைந்த மாதிரி இருக்கும். அதனால் நீச்சலில் 20 விநாடி பிந்தினால் அது 20 விநாடியோடு நிற்காது. முன் கூட்டத்தைப் பிடிக்க முடியாமல் போனால், 40 கிலோமீட்டர் முடியும்போது அது ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷமாக வளர்ந்திருக்கும். முன்னணி ஆள் ஒரு சுற்று முந்திவிட்டால் பந்தயத்திலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். உவேடா மாதிரி ஓட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு பந்தயமும் இந்தச் சூதாட்டம்தான். பின் கூட்டம் ஒற்றுமையாக உழைத்தால் மேடை, உழைக்காவிட்டால் 39.

அனுபவம் எங்கே வேலை செய்கிறது என்றால், முதல் மிதவையில். ஐம்பத்தைந்து பேர் ஒரே இடத்தில் திரும்ப வேண்டும். முகத்தில் ஒரு குதிகால் விழும், கண்ணாடி நகரும், தோள் மேல் இன்னொருத்தி ஏறி நீந்துவாள். எனக்கு முதல் போட்டியில் அந்த இடத்தில் மூச்சு நின்று, மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் ஒதுங்கினால் உதை குறைவு, யாருடைய கால் பின்னால் போனால் நல்ல கூட்டத்தில் சேரலாம் என்பதெல்லாம் நூறு முறை உதை வாங்கினால்தான் தெரியும். 37 வயது நுரையீரல் 27 வயதோடு போட்டி போட முடியாது. ஆனால் 37 வயதுக்காரி அந்த மிதவையில் வீணாக்கும் சக்தி குறைவு. நிவாத்தாவின் 9க்கு நான் அப்படித்தான் கணக்குச் சொல்வேன்.

சும்மா_வந்தேன்:
அப்படியானால் ஹிரோமு இனாடாதான் உலகிலேயே பெரிய வீரர். 70 வயதில் முதல் ட்ரையத்லான், 2018ல் 85 வயதில் ஹவாய் அயர்ன்மேன் என்ற நீண்ட தூர ட்ரையத்லானை 16 மணி 53 நிமிஷத்தில் முடித்தார். திரியை மூடிவிடலாமா?

ரெண்டு_சக்கரம்:
இனாடாவைக் கும்பிடுகிறேன், ஆனால் இந்தத் திரியில் வேண்டாம். 2015ல் அதே பந்தயத்தில் சில விநாடியில் நேரக் கெடுவைத் தவறவிட்டு, கோட்டுக்கு முன்னாலேயே அவர் விழுந்த காட்சியைப் பார்த்து நானும் கலங்கியவன்தான். ஆனால் அவர் போட்டி கடிகாரத்தோடும் தன் வயதுப் பிரிவோடும். நிவாத்தா போட்டியிட்டது எம்மா ஸ்னோசில்லோடு. பெய்ஜிங்கில் இரண்டாவது வந்தவரையே ஒரு நிமிஷத்துக்கு மேல் பின்னால் விட்டுத் தங்கம் வாங்கியவர். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இருவருக்குமே மரியாதை இல்லை.

கணக்கப்பிள்ளை:
முதல் முறையாக ரெண்டு_சக்கரத்தோடு ஒத்துப்போகிறேன், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உயர்மட்டத்திலேயே ஒப்பிடுவோம். சைமன் விட்ஃபீல்ட் நான்கு ஒலிம்பிக், சிட்னியில் தங்கம், எட்டு வருஷம் கழித்துப் பெய்ஜிங்கில் வெள்ளி. நிக்கோலா ஸ்பிரிக் ஐந்து ஒலிம்பிக், லண்டனில் புகைப்படம் பார்த்து முடிவு செய்த தங்கம், ரியோவில் வெள்ளி. நீண்ட காலம் என்றால் இவர்களைச் சொல்லுங்கள். இவர்களுக்குப் பக்கத்தில் 14, 14, 9ஐ வைத்தால் ஒப்புக்குச் சப்பாணி மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீச்சல்காரி:
கோபம்தான் வருகிறது. உலகில் ஒன்பதாவதாக வந்தவரை ஒப்புக்குச் சப்பாணி என்கிறீர்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஒரு பெயரை நான் சொல்கிறேன்: கேட் ஆலன். ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆஸ்திரியாவுக்காக ஓடியவர். அவரும் 1970ல்தான் பிறந்தார், நிவாத்தாவோடு ஒரே வயது. ஏதென்ஸில் நீச்சலில் பின்தங்கி, சைக்கிளில் பின்தங்கி, ஓட்டத்தில் ஒவ்வொருவராக முந்தி, முதலிடத்தில் ஓடிய லொரெட்டா ஹாரப்பைக் கடைசி சில நூறு மீட்டரில் பிடித்துத் தங்கம் வாங்கினார். அன்றைக்கு நிவாத்தா 14. நாலு வருஷம் கழித்துப் பெய்ஜிங். அதே இருவர், இருவருக்கும் வயது கூடிவிட்டது. நிவாத்தா 9, ஒலிம்பிக் சாம்பியன் ஆலன் அவருக்குப் பின்னால்.

இதனால் நிவாத்தா ஆலனை விடப் பெரியவர் என்று சொல்லவில்லை. அந்த நாலு வருஷத்தில் இந்த விளையாட்டு ஒரு சாம்பியனையே எவ்வளவு பின்னுக்குத் தள்ளும் என்று காட்டத்தான் சொன்னேன். அந்தத் தள்ளலுக்கு எதிராக நீந்தி ஐந்து இடம் முன்னே வந்தவர் இவர்.

கணக்கப்பிள்ளை:
ஆலன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

சரி. 'சப்பாணி'யை வாபஸ் வாங்குகிறேன். நிவாத்தாவின் 9 உண்மையான 9. 'பெரும் சாதனையாளர்' என்ற பட்டத்துக்கு இன்னும் மனசு வரவில்லை, 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்றால் கையெழுத்துப் போடுகிறேன். தயாமாவுக்கு அதுவும் கிடையாது. 48க்கு நீங்கள் என்ன கணக்குச் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

யமாஷிதா_ஓரம்:
ஒடைபா கடற்கரையில் நடக்கும் தேசியப் போட்டியில் பத்துக்கும் மேற்பட்ட முறை பட்டம் வென்றவர் சார் தயாமா. அத்தனை வருஷத்தில் உங்கள் 22 வயதுக்காரர்கள் எத்தனை பேர் வந்தார்கள், அவரை ஏன் எழுப்பிவிட முடியவில்லை?

கணக்கப்பிள்ளை:
அதைத்தான் நான் அமைப்பின் கோளாறு என்கிறேன்! தனித் திரி போடுங்கள், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறேன்.

சும்மா_வந்தேன்:
பாயசம் கடைசி வரை வரவில்லை.