வேலூர் 1806: ஜட்ஜ் போட்ட ஒரு கேள்விக்குறி

மேரிலாண்ட் மாமா:
பக்கத்து இழையில் கோட்டைஅகழி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனி இழை. அவர் எழுதியது இதுதான்: "நேஷனல் ஹிஸ்டரி டே போட்டிக்கு ஜட்ஜாக வருகிறவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை வீட்டு வேலைக்குப் பயந்து ஓடி வரும் ஐடி ஆட்கள். என் மகள் வேலூர்ப் புரட்சி பற்றிச் செய்த போர்டில் 'முதல் சுதந்திரப் போர்' என்ற இடத்தில் ஒருவன் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். வரலாறு தெரியாதவனுக்கு அங்கே என்ன வேலை?"

நானும் ஐடி ஆள்தான். நானும் ஜட்ஜாகப் போகிறவன்தான். சம்பளம் கிடையாது. ஆறின காபி, மதியம் ஒரு சாண்ட்விச், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: நேஷனல் ஹிஸ்டரி டே என்பது அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் போட்டி, 1974-ல் கிளீவ்லாந்தில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வருடத்துக்கு ஐந்து லட்சம் பிள்ளைகளுக்கு மேல் கலந்துகொள்கிறார்கள். கட்டுரை, எக்ஸிபிட் (போர்டு வைப்பது), டாக்குமெண்டரி, நாடகம், வெப்சைட் என்று ஐந்து வகை. வட்டாரத்தில் ஜெயித்தால் மாநிலம், அங்கேயும் ஜெயித்தால் ஜூன் மாதம் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் தேசியச் சுற்று. இத்தனை பேருக்கும் வரலாற்றுப் பேராசிரியர்களையே தேடிப் பிடிக்க முடியுமா? நூலகர், வக்கீல், ஓய்வுபெற்ற டீச்சர், என்னைப் போன்றவன் என்று யார் கை தூக்குகிறார்களோ அவர்களை வைத்துத்தான் தேர் ஓடுகிறது. பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் கலந்து பேசித்தான் முடிவு. தனி ஆள் கேள்விக்குறி போட்டு யாரையும் தோற்கடிக்க முடியாது.

கோட்டைஅகழி:
வாங்க மகாராஜா. என் பேரைச் சொல்லி இழை திறந்ததற்கு நன்றி. தேரைப் பற்றிய வரலாறெல்லாம் நன்றாக இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் எங்கே? அந்தக் கேள்விக்குறி ஏன்?

1806 ஜூலை 10, விடியும் முன்னே வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு போட்டவன் தளபதி கிரடாக். மே மாதமே மறுத்தவர்களில் இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. 1857-க்கு 51 வருடம் முன்பு! 1857-ஐத் தொடங்கிய மீரட்டுக்காரன் பிறக்கும் முன்பே எங்கள் ஊரில் நடந்துவிட்டது. இது முதல் இல்லை என்றால் எது முதல்?

நெற்கட்டும்செவல்:
1755.

கோட்டைஅகழி:
யாருப்பா அது, வருடத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவது?

நெற்கட்டும்செவல்:
பூலித்தேவர். 1755-ல் கம்பெனியின் கர்னல் ஹெரான் பீரங்கியோடு வந்து எங்கள் கோட்டையை அசைக்க முடியாமல் திரும்பிப் போனான். அப்போது உங்கள் வேலூரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொன்னால் நாங்களும் தெரிந்துகொள்வோம்.

சீமைத் தங்கச்சி:
அண்ணன்மாரே, 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையையே திரும்பப் பிடித்தார். 1801-ல் மருது சகோதரர்கள் திருச்சியில் ஒட்டிய பிரகடனம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் பெண்ணுக்கும் இடம் இல்லை, சிவகங்கைக்கும் இடம் இல்லை. வழக்கம்போல.

கோட்டைஅகழி:
தங்கச்சி, அதெல்லாம் பாளையக்காரர் போர். மதிக்கிறேன், கும்பிடுகிறேன். ஆனால் கம்பெனிப் பட்டாளத்துக்கு உள்ளேயே இருந்து எழுந்தது வேலூர்தான். அதுதான் முதல். என் மகள் அதைத்தான் எழுதினாள்.

மேரிலாண்ட் மாமா:
பட்டாளத்துக்கு உள்ளே இருந்து என்றால் 1764-ல் வங்காளத்தில் நடந்ததே, அது என்ன? பக்சார் போருக்குச் சற்று முன்பு. மேஜர் மன்றோ 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டான். 42 வருடம் முந்தியது. இப்போது கேள்விக்குறி ஏன் என்று புரிகிறதா?

கோட்டைஅகழி:
அது சம்பளத் தகராறு!

அது சரி, கூகுளில் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று? அந்தக் கேள்விக்குறி போட்ட ஆளுக்கு 1764 தெரிந்திருக்கும் என்று நம்பச் சொல்கிறீர்களா? அவனுக்கு வேலூர் ஆந்திராவிலா ஆப்பிரிக்காவிலா என்றே தெரிந்திருக்காது.

டெக்சாஸ் டீச்சர்:
நான் பல காலம் பிள்ளைகளை இந்தப் போட்டிக்குத் தயார் செய்தவள், இப்போது ஜட்ஜாகவும் போகிறேன். ஒன்று சொல்லட்டுமா தம்பி. ஜட்ஜுக்கு வேலூர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மதிப்பீட்டில் 80 சதவீதம் வரலாற்றுத் தரம், 20 சதவீதம் சொல்லும் தெளிவு. முதலில் நாங்கள் பார்ப்பது, எப்படி ஆராய்ந்து செய்தாள் என்று பிள்ளை எழுதும் ப்ராசஸ் பேப்பரையும், எந்த ஆதாரத்தை எதற்குப் பயன்படுத்தினாள் என்று குறிப்போடு கொடுக்கும் நூற்பட்டியலையும். அப்புறம் போர்டு. அப்புறம் பிள்ளையோடு சில நிமிடப் பேச்சு. ஒரு பிள்ளை 'முதல்' என்று எழுதினால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கத்தான் செய்வோம். உங்கள் மகள் அதற்கு என்ன ஆதாரம் வைத்திருந்தாள்?

இன்னொன்று. போர்டில் எந்த ஜட்ஜும் பேனா வைக்க மாட்டார். கருத்துத் தாளில்தான் எழுதுவோம்.

கோட்டைஅகழி:
தாளில்தான். நானும் அதைத்தான் சொன்னேன்.

ஆதாரமா? வேலூரில் மக்கான் பக்கம் போய்ப் பாருங்கள், நினைவுத்தூணே நிற்கிறது. 2006-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அரசாங்கமே ஒத்துக்கொண்டதற்கு ஒரு சனிக்கிழமை ஜட்ஜ் கேள்விக்குறி போடுவாரா?

டெக்சாஸ் டீச்சர்:
தபால்தலை 200-ம் ஆண்டுக்காக வந்தது. அது 2006-ல் நாம் என்ன நினைத்தோம் என்பதற்குச் சாட்சி, 1806-ல் நடந்ததற்கு அல்ல. அந்த இரவில் கோட்டையிலேயே கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட்டின் மனைவி, பிள்ளைகளோடு ஒளிந்திருந்து தப்பித்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்த மாதிரி ஒன்றையாவது வைத்தாளா?

கோட்டைஅகழி:
வெள்ளைக்காரி எழுதினால் ஆதாரம், எங்கள் ஊர்த் தூண் ஆதாரம் இல்லை. சபாஷ்.

மேரிலாண்ட் மாமா:
டீச்சர் கேட்டது உங்கள் மகள் என்ன வைத்தாள் என்று. அதற்குப் பதில் வரவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும்.

பார்வையாளன்77:
எனக்கு ஒரு சந்தேகம். எக்ஸிபிட்டில் பிள்ளை சொந்தமாக எழுதும் சொற்கள் 500-க்கு மேல் போகக் கூடாது என்று விதி. கோட்டைஅகழி போன மாதம் இங்கே போட்ட படத்தில் அந்த போர்டைப் பார்த்தேன். அதில் இருந்த வாக்கியங்கள் எல்லாம் அவர் இங்கே எழுதும் வாக்கியங்கள் மாதிரியே இருந்தன. ஆச்சரியக்குறி உட்பட.

கோட்டைஅகழி:
என்ன சொல்ல வருகிறீர்கள்? முகம் காட்டாமல் ஒளிந்து நின்று கல் எறிவது வீரமா? என் மகள் எழுதியது. நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். கத்தரிக்கோல் பிடித்தேன். பசை தடவினேன். அவ்வளவுதான்.

மேரிலாண்ட் மாமா:
தலைப்பு வைத்தது?

கோட்டைஅகழி:
தலைப்பு இருவரும் பேசி வைத்தோம். அதில் தவறு என்ன? போன பொங்கல் விழா வினாடி வினாவில் நீங்கள் க்விஸ் மாஸ்டராக இருந்து கங்கைகொண்ட சோழபுரம் கேள்விக்கு யார் பையனைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள் என்று நானும் சொல்லவா? ஐம்பது பேர் பார்த்தார்கள். என் மகளுக்கு அன்று இரண்டாம் பரிசு. இங்கே என்னடா என்றால் நடுநிலை பற்றிப் பாடம்.

மேரிலாண்ட் மாமா:
கண்ணில் தூசி விழுந்தது! இதை அன்றே விளக்கிவிட்டேன். இன்னும் எத்தனை பொங்கலுக்கு இழுப்பீர்கள்?

சீமைத் தங்கச்சி:
அந்த வினாடி வினாவிலும் வேலு நாச்சியார் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. நான் அன்றே சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நெற்கட்டும்செவல்:
பூலித்தேவரும் இல்லை. 1755.

டெக்சாஸ் டீச்சர்:
விஷயத்துக்கு வருவோமா? போட்டியின் 2026-ம் வருடத் தலைப்பு 'வரலாற்றில் புரட்சி, எதிர்வினை, சீர்திருத்தம்'. வேலூர் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையைத் திரும்பப் பிடித்தான். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். அரண்மனைக்குள் பிடிபட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அது எதிர்வினை. அப்புறம் அந்தத் தலைப்பாகை உத்தரவையே கைவிட்டார்கள், கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தலைப்பின் கடைசிப் பகுதியும் கையிலேயே இருக்கிறது. இதை எல்லாம் விட்டுவிட்டு 'முதல்' என்ற இடத்தில் போய் ஏன் நிற்க வேண்டும்? கோட்டையில் ஏறிய கொடி திப்புவின் புலிக்கொடி. அரசராக அறிவிக்கப்பட்டவர் அங்கே சிறையிருந்த திப்புவின் மகன் ஃபதே ஹைதர். அப்படியானால் சிப்பாய்கள் கேட்டது மைசூர் ஆட்சியையா, நீங்கள் சொல்லும் சுதந்திரத்தையா? நான் ஜட்ஜாக இருந்தால் ஒரு கேள்விக்குறி போதாது, இரண்டு போட்டிருப்பேன்.

கோட்டைஅகழி:
போடுங்கள் டீச்சர், மூன்றாகவே போடுங்கள். உங்களுக்கெல்லாம் பேனா கிடைத்தால் போதும். புலிக்கொடி ஏறினால் என்ன, சிங்கக்கொடி ஏறினால் என்ன, இறங்கியது யார் கொடி? அதைச் சொல்லுங்கள். இறங்கியது வெள்ளைக்காரன் கொடி. ஆகவே சுதந்திரப் போர். ஆகவே முதல்.

ஒடிசாக்காரர்கள் 1817 பைக்கா எழுச்சியை முதல் என்கிறார்கள். வேலூருக்கு 11 வருடம் பிந்தியது! அவர்களுக்கு யாராவது கேள்விக்குறி போடுகிறீர்களா? தமிழன் சொன்னால் மட்டும் போடுவீர்கள்.

மேரிலாண்ட் மாமா:
ஒடிசாப் பிள்ளை போர்டு வைத்தால் அங்கேயும் கேட்கத்தான் கேட்போம். 'முதல்' என்று யார் எழுதினாலும் அந்த இடத்தில் என் பேனா நிற்கும். கூடத்தில் போய் நடந்து பாருங்கள், எத்தனை 'முதல்' கண்ணில் படுகிறது என்று. முதல் பெண், முதல் விமானம், முதல் வேலைநிறுத்தம்.

கோட்டைஅகழி:
பேனா நிற்குமாம். உங்கள் பேனா நிற்கும், என் மகள் நிற்க வேண்டாமா? வட்டாரத்தோடு முடிந்துவிட்டது அவளுக்கு. ஒரு கேள்விக்குறியால்.

டெக்சாஸ் டீச்சர்:
கேள்விக்குறியால் முடியவில்லை தம்பி. அந்தப் பிரிவில் அவளுக்கு மேலே இருந்த போர்டுகள் என்னென்ன என்று பார்த்தீர்களா?

கோட்டைஅகழி:
பார்த்தேன். ஒன்று ஏதோ கால்வாய். இன்னொன்று போலியோ தடுப்பூசி. கால்வாயும் தடுப்பூசியும் புரட்சியாம். வேலூர் கேள்விக்குறியாம். நல்ல நியாயம்.

முடிவாகச் சொல்கிறேன். அடுத்த வருடம் நானே ஜட்ஜாகப் பதிவு செய்யப் போகிறேன். வரலாறு தெரிந்தவன் ஒருவனாவது உட்காரட்டும்.

பார்வையாளன்77:
தன் பிள்ளை போட்டியிடும் பிரிவில் உட்கார விட மாட்டார்கள். பதிவு செய்யும்போதே கேட்பார்கள்.

கோட்டைஅகழி:
வேறு பிரிவில் உட்காருகிறேன். டாக்குமெண்டரி. பத்து நிமிடப் படம்தானே, பார்த்தால் போச்சு. யார் 1857 முதல் என்று சொல்கிறார்களோ அவர்களுக்கு நானும் போடுகிறேன் கேள்விக்குறி.

மேரிலாண்ட் மாமா:
இப்போது தெரிகிறதா நான் ஏன் இழை திறந்தேன் என்று? இவர்தான் "வரலாறு தெரிந்த ஜட்ஜ்".

கோட்டைஅகழி:
கண் சிமிட்டுகிறவரை விட நான் மேல்.

சீமைத் தங்கச்சி:
டீச்சர், நீங்கள் சொன்ன பயிற்சி ஆன்லைனிலா, நேரிலா? எனக்கு ஜட்ஜாகப் போக ஆசை. இந்த அண்ணன்கள் சண்டை முடியும் வரை காத்திருந்தால் என் பேத்தி காலம் வந்துவிடும்.

டெக்சாஸ் டீச்சர்:
ஊருக்கு ஊர் மாறும் அம்மா. எங்கள் பக்கம் முன்கூட்டியே ஆன்லைனில் விளக்கம் கொடுப்பார்கள், போட்டி அன்று காலையிலும் ஒருமுறை கூட்டி வைத்துச் சொல்வார்கள். கட்டுரையும் வெப்சைட்டும் எடுத்தால் வீட்டிலிருந்தே முன்கூட்டிப் படித்துவிடலாம். முதல் தடவை எக்ஸிபிட் எடுங்கள், பிள்ளைகளோடு பேசலாம்.

கோட்டைஅகழி:
டீச்சர், "முதல் தடவை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரம்?

நெற்கட்டும்செவல்:
இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. 1755.

கோட்டைஅகழி:
உங்களுக்குத் தனி இழை திறக்கிறேன் வாங்க. பூலித்தேவருக்கு எதிராகக் கம்பெனிக்காகப் படை நடத்திய யூசுப் கான் எந்த ஊர்க்காரன் என்று அங்கே பேசுவோம். மகாராஜாவும் வரலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மேரிலாண்ட் மாமா:
தூசி என்று சொல்லிவிட்டேன்!