கொள்கை ஆய்வு நிறுவனத்தின் தலைமைக்கு எந்த வழி? மால்கம் ஆதிசேஷையா போன பாதை இன்றைக்கு ஒத்துவருமா?

கேள்வி | அடையாறு_வாசி

பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு ‘திங்க் டேங்க்’ பக்கம் போக நினைப்பவர்கள், இயக்குநர் நாற்காலி வரை போக என்ன செய்ய வேண்டும்? பி.எச்டி. கட்டாயமா? சென்னை எம்.ஐ.டி.எஸ்.ஸை (மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனம்) நிறுவிய ஆதிசேஷையாவைத்தான் எல்லாரும் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். அவர் உண்மையில் எப்படி வந்தார்?

பதில் 1 | பழைய_நூலகர்

அவரைக் காட்டுவது சரி. ஆனால் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். 1910-இல் வேலூரில் பிறந்தவர். 1940-களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். 1948-இல் யுனெஸ்கோவில் சேர்ந்து, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநர். அதற்குப் பிறகுதான், 1971-இல், மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து எம்.ஐ.டி.எஸ்.ஸைத் தொடங்கினார். அப்போது வயது அறுபது. இருபத்தைந்தில் தொடங்கிய நிறுவனம் இல்லை அது. உலக நாடுகளின் அமைச்சகங்களோடு பேசிப் பழகிய கையோடு தொடங்கியது.

பலரும் கவனிக்காத இடம் 1977. அந்த ஆண்டு எம்.ஐ.டி.எஸ். இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தின் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) தேசிய நிறுவனங்களில் ஒன்றாக மாற்றியமைக்கப்பட்டது, மத்திய, மாநில அரசுகளின் நிதி வந்தது. அடுத்த ஆண்டே இயக்குநர் பொறுப்பு சி.டி. குரியனுக்குப் போனது. நிறுவியவர் ஏழு வருடத்தில் நாற்காலியை விட்டுக் கொடுத்ததால்தான் அது ‘ஆதிசேஷையா வீட்டு நிறுவனம்’ ஆகாமல் தப்பித்தது என்பது என் கணிப்பு. திருவனந்தபுரத்தில் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் அதே காலத்தில் தொடங்கிய சி.டி.எஸ்.ஸையும் (வளர்ச்சி ஆய்வு மையம்) இதோடு வைத்துப் பார்க்கலாம்.

பதில் 2 | கோட்டைப்_பக்கம்

பி.எச்டி. கேள்விக்கு: ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். நிறுவனம் என்றால் பேராசிரியர் தகுதி கேட்பார்கள், ஆகவே நடைமுறையில் கட்டாயம். தனி அறக்கட்டளையோ பிரிவு 8 கம்பெனியோ (லாப நோக்கமில்லாதது) என்றால் நிர்வாகக் குழு வேறு இரண்டைப் பார்க்கும்: ஒரு குழுவைக் கட்டி நடத்தியிருக்கிறீர்களா, பணம் கொண்டுவருவீர்களா.

உள்ளேயே ஒரு பிரிவைக் கட்டி மேலே வருவது நல்ல வழி. டெல்லி சி.பி.ஆரில் (கொள்கை ஆய்வு மையம்) யாமினி ஐயர் 2008-இல் ‘அக்கவுன்டபிலிட்டி இனிஷியேட்டிவ்’ தொடங்கி, அரசுப் பணம் பள்ளி வரை எவ்வளவு, எப்போது போய்ச் சேர்கிறது என்று கணக்கெடுத்தார். 2017-இல் அந்த நிறுவனத்துக்கே தலைவர். அரசுப் பணியிலிருந்து வருவது இன்னொரு வழி: தமிழ்நாட்டின் நிதிச் செயலராக இருந்த எஸ். குகன் எம்.ஐ.டி.எஸ்.ஸுக்கு வந்து காவிரிப் பிரச்சினை பற்றி எழுதியது அப்படித்தான். கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று தெரிந்த ஆய்வாளரின் அறிக்கை வேறு மாதிரிதான் இருக்கும்.

இளையவர்களுக்கு: சட்டமன்ற, நாடாளுமன்றப் பணிகளை ஆய்வு செய்யும் பி.ஆர்.எஸ். நிறுவனம் நடத்தும் ‘லேம்ப்’ பெல்லோஷிப். ஏதேனும் ஒரு பட்டம் போதும், ஆனால் வயது வரம்பு இருக்கிறது, இருபத்தைந்துக்கு மேல் கனவு காண வேண்டாம். ஒரு நாடாளுமன்ற உறுப்பினருடன் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரை வேலை. நாளை காலை பேச வேண்டியவருக்கு இன்று இரவே இரண்டு பக்கக் குறிப்பு எழுதும் பழக்கம் அங்கேதான் வரும்.

அடையாறு_வாசி: பணம் கொண்டுவருவது என்கிறீர்களே, வெளிநாட்டு நிதி என்றால் எங்கே சிக்கும்?

பதில் 3 | தணிக்கை_மேசை

எல்லா இடத்திலும் சிக்கும். எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கே நிறுவனம் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் வந்து விழ வேண்டியது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டுமே. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. கூட்டாக ஆய்வு செய்யும் திட்டங்கள் உடைந்தது இதனால்தான்.

பெரிய அடி நிர்வாகச் செலவு வரம்பு: வெளிநாட்டு நிதியில் 50 சதவீதமாக இருந்தது 20 ஆகிவிட்டது. வாடகை, கணக்கு, சட்டச் செலவு, நிர்வாகக் குழுவினரின் சம்பளம், பயணம் எல்லாம் அந்த 20-க்குள் அடங்க வேண்டும். ஆனால் ஆய்வையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் களத் தரவு சேகரிப்பவர், அதைப் பகுப்பாய்வு செய்பவர் சம்பளம் நிர்வாகச் செலவு ஆகாது என்று எப்.சி.ஆர்.ஏ. விதி 5 சொல்கிறது. இதைத் தெரியாமல் எல்லாச் சம்பளத்தையும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டு, ஆண்டு முடிவில் வரம்பு தாண்டிவிட்டதே என்று முழிப்பார்கள். நியமன உத்தரவிலேயே வேலை என்ன என்று எழுதுங்கள். ஒருவர் இரண்டு வேலையும் பார்த்தால் மாதாமாதம் நேரப் பதிவேடு வையுங்கள். வெளிநாட்டு நிதிக் கணக்கைக் காட்டும் எப்.சி.-4 ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31 கெடு. பதிவைப் புதுப்பிப்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

சி.பி.ஆர். விஷயத்தையே பாருங்கள். 2022 செப்டம்பரில் வருமான வரி ஆய்வு, 2023 பிப்ரவரியில் எப்.சி.ஆர்.ஏ. பதிவு இடைநிறுத்தம், 2024 ஜனவரியில் ரத்து. 1973-இல் தொடங்கிய நிறுவனம், ஆள்பலம் மளமளவென்று குறைந்தது. அதனால் இயக்குநர் பதவிக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் சம்பளம் பேசுவதற்கு முன் மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிரந்தர நிதி எவ்வளவு, ஒரே நன்கொடையாளரிடமிருந்து வருவது எத்தனை பங்கு, புது நிதி ஒரு பைசா வராவிட்டாலும் எத்தனை மாதம் சம்பளம் போட முடியும் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவு என்றால், முதல் வருடம் முழுக்க ஒரு ஆய்வுக் கட்டுரைகூட எழுத மாட்டீர்கள்.